எட்டு மணி நேரம் படுத்தும் ஞாபக மறதி ஏன்? சென்னைத் தூக்க ஆய்வு பற்றிப் பேசலாம்

ராயபுரம் செல்வி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். கொஞ்ச காலமாகக் குழுவில் உள்ள அக்காக்கள் பலரிடமும் ஒரே புலம்பல். "மறதி ஜாஸ்தியாயிடுச்சு செல்வி, அடுப்பை அணைச்சேனான்னு பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போறேன்" என்கிறார்கள். தவணை கட்டியாயிற்று என்பதை மறந்து மறுபடி பணத்தோடு வந்து நிற்கிறார்கள். வட்டிக் கணக்கை விளக்கினால் பாதியிலேயே கவனம் எங்கோ போய்விடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நாட்டு மருந்துக் கடையில் வல்லாரை மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டால், "அதுக்கென்ன, பத்து மணிக்குப் படுத்தா ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பேன்" என்று பதில் வரும். கொஞ்சம் கிளறிக் கேட்டால்தான் மற்றது தெரியும். தெருக் குழாயில் தண்ணீர் விடியற்காலை மூன்று மணிக்கு வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுத்திருப்பார்கள், சத்தம் கேட்டதும் ஓட வேண்டும். கடைக்குட்டி ஒன்றுக்குப் போக எழுப்புவான். மாமியார் இருமுவார். ஷீட் போட்ட கூரை பகல் வெயிலை நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் கொசு. ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருந்தால் ஒருவர் எழுந்தாலே எல்லோருக்கும் தூக்கம் கலையும்.

இதே விஷயத்தைச் சென்னையிலேயே பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். பெட்ரோ பெசோனி, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா என்ற ஐந்து பேர் செய்த ஆய்வு, 2021இல் ஒரு முக்கியமான பொருளாதார இதழில் வந்தது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேருக்கு டேட்டா என்ட்ரி வேலை கொடுத்து, மணிக்கட்டில் தூக்கத்தை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். சராசரியாக எட்டு மணி நேரம் படுக்கையில் இருக்கிறார்கள், ஆனால் தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான். நான் கண்ணால் பார்ப்பதும் அதுவே.

எனக்குப் புரியாத இடம் ஒன்று இருக்கிறது. அவர்களில் சிலருக்கு மெத்தை, தலையணை, மேசை ஃபேன், கண் மறைப்பு, காது அடைப்பான் எல்லாம் கொடுத்தார்கள். இன்னும் சிலருக்குக் கூடுதலாகத் தூங்கினால் பணமே கொடுத்தார்கள். தூக்கம் இரவுக்கு 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையிலோ, யோசிக்கும் திறனிலோ எந்த மாற்றமும் தெரியவில்லை. மதியம் வேலை இடத்திலேயே அரை மணி நேரம் கண்ணயர விட்டவர்களுக்கோ கவனமும் வேலையும் மனநிலையும் மேம்பட்டன. இது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்கணிதன் எழுதியது:

செல்வி மேடம், நீங்களே பதிலையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். 27 நிமிடம் கூடியும் பலன் இல்லை என்றால், தூக்கத்துக்கும் மறதிக்கும் நாம் நினைக்கும் அளவுக்குச் சம்பந்தம் இல்லை என்றுதானே அர்த்தம்? இந்த ஆய்வு வருவதற்கு முன் நிபுணர்களிடம் கணிப்புக் கேட்டார்கள், அவர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாகத்தான் முடிவு வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அந்த அக்காக்களுக்கு மறதி வருவதற்கு வேறு காரணம் போதாதா? கடன், பிள்ளைகள் படிப்பு, குடிக்கும் புருஷன். தலையில் இத்தனை பாரம் இருக்கும்போது அடுப்பு எப்படி நினைவில் இருக்கும்? தூக்கம் தூக்கம் என்று சொல்வது ஏசி அறையில் படுப்பவர்களின் ஆரோக்கியப் பேச்சாக எனக்குப் படுகிறது. கோபப்பட வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

மருத்துவ மாணவி எழுதியது:

முதுநிலை நரம்பியல் படிக்கிறேன். எண்கணிதன் சார் கேட்டது நியாயமான கேள்வி. கவலையும் ஞாபகத்தைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 27 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அவர்கள் படுக்கையில் கிடந்த நேரம் கூடியது, அதனால் தூக்கமும் கொஞ்சம் கூடியது. தூக்கத்தின் தரம் மாறவில்லை. எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம் தூங்கினால் படுத்த நேரத்தில் 70 சதவீதம்கூட உருப்படியாகத் தூங்கவில்லை. எங்கள் துறையில் 85 சதவீதத்துக்குக் கீழே போனாலே சரியில்லை என்போம். கந்தலாகக் கிழிந்த தூக்கத்தோடு இன்னொரு கந்தலை ஒட்டினால் பெரிய பலன் வராது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். மதியத் தூக்கம் பலித்ததற்கும் இதே காரணம் இருக்கலாம். அமைதியான இடம், யாரும் எழுப்பவில்லை, கொசு இல்லை.

தொடர்ச்சி ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. இரவின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் கூடும். பகலில் பார்த்தது, கேட்டது, படித்தது எல்லாம் முதலில் மூளையின் உள்ளே ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியைச் சார்ந்து நிற்கின்றன. அவை நீண்ட காலத்துக்கு நிலைக்க வேண்டுமானால் மூளையின் மேற்பரப்பில் பதிய வேண்டும், அந்த வேலையில் பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கத்தில் நடக்கிறது. 1994இல் வில்சன், மெக்நாட்டன் இருவரும் எலிகளிடம் இதைப் பார்த்தார்கள். எலி ஓடித் திரிந்தபோது எந்த நரம்பணுக்கள் சேர்ந்து வேலை செய்தனவோ, பிறகு அது தூங்கும்போதும் அதே அணுக்கள் சேர்ந்து இயங்கின. அரை மணிக்கொரு தரம் எழுப்பினால் இந்த வேலை நடக்க இடமே இருக்காது.

இன்னொன்று, அந்த அடுப்பு விஷயம். அந்த அக்கா அடுப்பை அணைத்ததை மறந்தார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. அணைக்கும் அந்த நொடியில் மூளை அதைக் குறித்துக்கொள்ளவே இல்லை. தூக்கம் குறைந்தவர்களுக்கு முதலில் அடி வாங்குவது கவனம். நடுநடுவே சில நொடிகள் கவனம் அறுந்துபோகும், கண் திறந்தேதான் இருக்கும். 2011இல் வியாசோவ்ஸ்கி குழுவினர் எலிகளிடம் பார்த்தபோது, வெகுநேரம் விழித்திருந்த எலியின் மூளையில் சில நரம்பணுக்கள் மட்டும் திடீரென அடங்கிப்போயின, எலி நடமாடிக்கொண்டிருக்கும்போதே. பதியாத ஒன்றை நினைவுபடுத்த வல்லாரையாலும் முடியாது.

எண்கணிதன் எழுதியது:

நல்ல விளக்கம் மா, நன்றி. தரம்தான் காரணம் என்பது உங்கள் ஊகம், அதை நீங்களும் ஊகமாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். நான் கேட்பது வேறு. அந்த அக்காக்களும் சரி, நானும் சரி, வருஷக்கணக்காக இப்படித்தான் தூங்குகிறோம். உடம்பு பழகிவிடாதா? எனக்கு ஆறு மணி நேரமே போதும், பகலில் தூக்கம் வருவதே இல்லை.

மருத்துவ மாணவி எழுதியது:

சார், பழகிவிட்டதாகத் தோன்றுவதுதான் இதில் ஆபத்தான பகுதி. 2003இல் வான் டாங்கன், டிங்கஸ் குழுவினர் பென்சில்வேனியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆரோக்கியமானவர்களைக் கூடத்திலேயே தங்கவைத்து, ஒரு பிரிவுக்கு எட்டு மணி நேரம், ஒரு பிரிவுக்கு ஆறு, இன்னொன்றுக்கு நான்கு என 14 நாட்கள் தூங்க விட்டார்கள். தினமும் கவனச் சோதனை. திரையில் ஒரு குறி வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆறு மணி நேரப் பிரிவில் கவனத் தவறுகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. கடைசியில் ஓரிரு இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தவர்களின் நிலைக்கே வந்துவிட்டார்கள்.

ஆனால் எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்று அவர்களையே கேட்டபோது, சில நாட்களுக்குப் பிறகு அந்த அளவு பெரிதாக ஏறவில்லை. தாங்கள் சமாளித்துவிட்டோம் என்று நினைத்தார்கள், சோதனையில் சரிந்துகொண்டே இருந்தார்கள். "எனக்கு ஆறு மணி நேரம் போதும்" என்று நாமே நம்மை மதிப்பிட்டுச் சொல்வதை அதனால்தான் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இயல்பாகவே குறைந்த தூக்கம் போதுமான மனிதர்கள் உண்டு, மிகமிக அரிது. உங்களைச் சோதிக்க எளிய வழி: லீவு நாளில் அலாரம் இல்லாமல் படுத்துப் பாருங்கள். வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் கூடத் தூங்கினால் பாக்கி இருக்கிறது என்று பொருள்.

லாரி ஷெட் முருகேசன் எழுதியது:

நாமக்கல். எங்களிடம் வண்டிகள் ஓடுகின்றன. படிப்பவர்கள் விஞ்ஞானம் பேசுகிறீர்கள், நான் ரோட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். டிரைவர் தூங்கி வழிந்தால் கிளீனர் எழுப்பிவிடுவான். தூங்கி வழியாமல், கண்ணைத் திறந்துகொண்டே டோல்கேட் தாண்டியது தெரியாமல் போவான் பாருங்கள், அவன்தான் பயம். "அண்ணே, கிருஷ்ணகிரி எப்ப தாண்டினோம்?" என்று கேட்பான். ஓட்டியவன் அவனே. அப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிடுவேன், சரக்கு லேட்டானாலும் பரவாயில்லை. தங்கச்சி சொன்ன "மூளை குறித்துக்கொள்ளவில்லை" என்பது அப்படியே இதுதான்.

மருத்துவ மாணவி எழுதியது:

அண்ணா, நீங்கள் செய்வது ரொம்பச் சரி. 1997இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் குறைகிறது. 24 மணி நேரம் என்றால் 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட எல்லை 0.03 சதவீதம். காலை ஐந்து மணிக்கு எழுந்தவர் ராத்திரி பத்து மணிக்கு ஸ்டியரிங்கில் இருந்தால், அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்க வேண்டியதில்லை.

நைட் டியூட்டி அக்கா எழுதியது:

ஸ்டாஃப் நர்ஸ். மாதத்தில் ஒரு பகுதி நைட்தான். முருகேசன் அண்ணன் சொன்னதை வார்டில் நானும் பார்க்கிறேன். எங்களுக்கு மோசமான நேரம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை. உடம்பு வெப்பம் தாழ்ந்துபோகும் நேரம், எவ்வளவு டீ குடித்தாலும் தலை மந்தமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் இன்சுலின், பொட்டாசியம் மாதிரி மருந்துகளை நான் தனியாக ஏற்றவே மாட்டேன். பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு அளவை இருவரும் உரக்கப் படித்த பிறகுதான் ஊசி. பிபி பார்த்தால் அந்த இடத்திலேயே சார்ட்டில் எழுதிவிட வேண்டும். மேசைக்குப் போய் எழுதலாம் என்று நாலடி நடந்தால் எண் மாறிவிடும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

பயிற்சி டாக்டர்கள் பாடு இன்னும் கஷ்டம். காலையில் வந்தவர்கள் மறுநாள் மதியம்வரை ஓடிக்கொண்டிருப்பார்கள். 2004இல் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வு ஒன்றை எங்கள் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் டியூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள், டியூட்டி நேரத்தைக் குறைத்தபோது இருந்ததைவிட 36 சதவீதம் கூடுதலாகப் பெரிய தவறுகள் செய்தார்கள். இங்கே அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "நாங்க அந்தக் காலத்துல இப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்பார்கள். ஆத்திரமாக வருகிறது.

பகலில் தூங்குவது பற்றி யாராவது யோசனை சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தால் கூரியர், காய்கறி வண்டி மைக், "நைட்டு முழுக்க அங்க தூங்கியிருப்பியே" என்று கேட்கும் சொந்தக்காரர்கள்.

தூக்க லேப் கோவை எழுதியது:

தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அக்கா, வேலை முடிந்து வரும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளை பகல் தொடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். வந்ததும் சமையல், துணி என்று இறங்காமல் நேராகப் படுங்கள். ஜன்னலுக்கு அடர்நிறத் துணி போதும், விலை உயர்ந்த திரை வேண்டாம். கடைசி டீ டியூட்டியின் முதல் பாதியோடு சரி. காஃபின் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

செல்வி அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளியே சத்தம், தண்ணீர், கொசு என்று எழுதியிருந்தீர்கள். உடம்புக்குள்ளேயே தூக்கத்தைக் கிழிக்கும் காரணம் ஒன்று உண்டு, அது குறட்டை. எல்லாக் குறட்டையும் இல்லை. குறட்டை, பிறகு திடீர் அமைதி, பிறகு மூச்சுத் திணறி ஒரு பெரிய இழுப்பு என்று வந்தால் அது தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயாக இருக்கலாம். தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப் பாதை மூடிக்கொள்கிறது. பத்து நொடி, இருபது நொடி, சிலருக்கு அதற்கு மேலும். ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அலறிக்கொண்டு எழுப்பும். எழுந்ததே அவருக்குத் தெரியாது, காலையில் "நல்லாத் தூங்கினேன்" என்பார்.

எங்கள் கூடத்தில் தலையில் பேஸ்ட் தடவி ஒயர் ஒட்டுவோம், மூக்கருகே காற்றோட்டம் பார்க்கும் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். ராத்திரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் வயிறு ஏறி இறங்கும், திரையில் மூக்குக் காற்றைக் காட்டும் கோடு மட்டும் தட்டையாகக் கிடக்கும். மூச்சு விட முயல்கிறார், காற்று போகவில்லை. இப்படி மூச்சு தடைபடுவது மணிக்கு ஐந்து முறைக்குக் கீழே என்றால் இயல்பு. 30க்கு மேல் போனால் தீவிரம். அப்படியானால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தூக்கம் உடைகிறது என்று கணக்கு. இவர்களில் பலர் மறதி என்றுதான் முதலில் டாக்டரிடம் போயிருப்பார்கள். காலையில் தலைவலி, வாய் உலர்வு, ராத்திரி அடிக்கடி சிறுநீர், மாத்திரை போட்டும் அடங்காத பிபி, இவையும் சேர்ந்திருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். குண்டானவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள், நம் ஆட்களுக்குச் சாதாரண எடையிலும் வருகிறது. பெண்களில் மாதவிடாய் நின்ற பிறகு கூடுகிறது. அவர்கள் குறட்டையைச் சொல்லமாட்டார்கள், "அசதியா இருக்கு" என்று மட்டும்தான் சொல்வார்கள்.

ராயபுரம் செல்வி எழுதியது:

தம்பி, இது எனக்கு முற்றிலும் புதிது. குழுவில் ஓர் அக்காவுடைய மகள், "அம்மா தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது, பயமா இருக்கு" என்று சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. அவருக்கு பிபியும் இருக்கிறது. நாளையே பேசுகிறேன்.

இன்னொருவர் மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுகிறார். சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள். மாத்திரை போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது, ஆனால் மறதி முன்பைவிட அதிகம் என்கிறார்.

மருத்துவ மாணவி எழுதியது:

அக்கா, பெரும்பாலும் அது அல்ப்ரஸோலம் மாதிரி ஒன்றாக இருக்கும். அந்த வகை மருந்தே புதிய நினைவு பதிவதைத் தடுக்கும், ஆழ்ந்த தூக்கத்தையும் குறைக்கும். மூச்சு நிற்கும் நோய் உள்ளவர் போட்டால் தொண்டைத் தசை இன்னும் தளரும். சீட்டு இல்லாமல் அதை விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் வெகுநாள் போட்டவர் திடீரென நிறுத்தவும் கூடாது, நடுக்கமும் வலிப்பும் வரலாம். டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். வயதானவர்கள் தூக்கத்துக்காகப் போடும் சில சளி, அலர்ஜி மாத்திரைகளும் இதே போலத் தலையைக் குழப்பும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் தெளிவாகவே சொன்னது: முதலில் நடத்தை மாற்றும் சிகிச்சை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்துவிடுவது, படுக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்துக்கு நெருக்கமாகச் சுருக்கிப் பிறகு மெதுவாக நீட்டுவது.

மறதி என்று வரும் பெண்களுக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். படுத்ததும் கால் குடைச்சல், காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை என்று சொல்பவர்களுக்கு இரும்புச் சத்துக் குறைவு இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்து அதைச் சரி செய்தால் பலருக்குத் தூக்கம் மேம்படும்.

பிளஸ் டூ அம்மா எழுதியது:

எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. டியூஷன் முடிந்து வரவே ஒன்பதரை. படித்துவிட்டுப் படுக்கப் பன்னிரண்டு. பள்ளியில் நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கச் சொல்கிறார்கள், விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்குமாம். எழுப்புகிறேன். புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறான். நேற்று ஒப்பித்த வேதியியல் இன்று வரவில்லை என்று அழுகிறான். எழுப்பலாமா, வேண்டாமா?

ஓய்வு பெற்ற வாத்தியார் எழுதியது:

அம்மா, எழுப்பாதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் மேல்நிலை வகுப்புக்குப் பாடம் எடுத்தவன் சொல்கிறேன். விடியற்காலைப் படிப்பு அந்தக் காலத்தில் பலித்ததற்குக் காரணம் உண்டு, பிள்ளைகள் எட்டரை ஒன்பதுக்கே படுத்துவிடுவார்கள். நாலு மணிக்கு எழும்போது ஏழு மணி நேரம் தூங்கி முடித்திருப்பார்கள். படுப்பதைப் பன்னிரண்டாக்கிவிட்டு எழுவதை மட்டும் நாலாக வைத்துக்கொண்டால் அது பழைய பழக்கமே இல்லை. பதின்வயதில் உடம்பின் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது, சீக்கிரம் படு என்றாலும் தூக்கம் வராது. அதனால் காலையில் வெட்டுவது பிள்ளைக்கு இரட்டை நஷ்டம்.

1924லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் இரண்டு மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்ய வைத்து, ஒருமுறை தூங்க விட்டு, ஒருமுறை விழித்திருக்க விட்டு, பிறகு ஒப்பிக்கச் சொன்னார்கள். தூங்கி எழுந்தபோது அதிகம் நினைவிருந்தது. 2004இல் ஜெர்மனியில் நடந்தது இன்னும் சுவாரசியம். மறைந்திருக்கும் குறுக்குவழி ஒன்று உள்ள எண் புதிரைக் கொடுத்தார்கள். நடுவில் இரவு தூங்கியவர்களில் 59 சதவீதம் பேர் அந்த வழியைக் கண்டுபிடித்தார்கள், தூங்காதவர்களில் 23 சதவீதம் பேர்தான். கணக்குப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்று செய்யுங்கள். பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். கஷ்டமான பாடத்தைக் கடைசி அரை மணி நேரத்தில் ஒரு தடவை பார்க்கட்டும், அதன்பின் போன் கையில் வேண்டாம். ஆறு மணிக்கு எழுந்ததும் புத்தகத்தைத் திறக்காமல் அதையே எழுதிப் பார்க்கட்டும். பள்ளியில் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பிளஸ் டூ அம்மா எழுதியது:

ரொம்ப நன்றி ஐயா. டியூஷனை இரண்டு பாடமாகக் குறைக்க முடியுமா என்று அவன் அப்பாவிடமும் பேசுகிறேன்.

வாட்ஸப் வாசகன் எழுதியது:

தூங்கும்போது மூளை கழிவை எல்லாம் கழுவி விடுகிறது, தூங்காவிட்டால் அல்சைமர் வரும் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா?

மருத்துவ மாணவி எழுதியது:

பாதி விஷயத்தை முழுதாக்கிப் பரப்புகிறார்கள். 2013இல் எலிகளிடம் நடந்த ஆய்வில், தூக்கத்தில் மூளையணுக்களுக்கு இடையிலான வெளி 60 சதவீதம் விரிந்து கழிவு வேகமாக வெளியேறுவதாகக் காட்டினார்கள். 2024இல் வேறொரு குழு எலிகளிடமே அளந்து, தூக்கத்தில் வெளியேற்றம் குறைகிறது என்று எழுதியது. வழக்கு இன்னும் முடியவில்லை. நடுவயதில் குறைந்த தூக்கத்துக்கும் பின்னாளில் வரும் மறதி நோய்க்கும் தொடர்பு தெரிகிறது. ஆனால் தூக்கம் கெட்டதால் நோய் வந்ததா, தொடங்கிவிட்ட நோய் தூக்கத்தைக் கெடுத்ததா என்று பிரிப்பது கடினம். தூங்காதவர்களைப் பயமுறுத்தினால் அந்தப் பயத்திலேயே இருக்கும் தூக்கமும் போகும். தயவுசெய்து அந்தச் செய்தியை மேலே அனுப்பாதீர்கள்.

எண்கணிதன் எழுதியது:

இழை முழுக்கப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை அலாரம் இல்லாமல் படுத்தும் பார்த்தேன், ஒன்பது மணி வரை எழவில்லை. பழகிவிட்டது என்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.

ஆனால் என் அடிப்படைக் கேள்வி நிற்கிறது. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் பெண்ணிடம் போய் மதியம் அரை மணி நேரம் கண்ணயரச் சொன்னால் கூலி குறையாதா? அந்தச் சென்னை ஆய்விலேயே மதியம் தூங்கியவர்கள், அந்த நேரத்திலும் வேலை செய்தவர்களைவிட மொத்தத்தில் குறைவாகத்தானே சம்பாதித்தார்கள்?

ராயபுரம் செல்வி எழுதியது:

ஆமாம் சார், அதை மறைக்கக் கூடாது. சும்மா ஓய்வெடுத்தவர்களோடு ஒப்பிட்டால் தூங்கியவர்களுக்கு லாபம். ஓயாமல் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், மணிக்கு மணி வேகம் கூடினாலும், போன அரை மணி நேரத்தை அது ஈடுகட்டவில்லை. அதனால்தான் இதைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்கிறேன். அவள் தன் கூலியிலிருந்து தூக்கம் வாங்க முடியாது. சாப்பாட்டு நேரத்தோடு அந்த அரை மணியையும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டியது வேலை கொடுப்பவர். வேகமும் கவனமும் கூடுவதால் அவருக்கும் அதில் ஆதாயம் இருக்கிறது. விளக்கை அணைக்கக்கூடிய ஒரு மூலை, ஒரு ஃபேன், நாலு பாய். இதற்கு மேல் செலவில்லை.

இரவுக்கு எங்களால் செய்ய முடிந்ததையும் பேசிவிட்டோம். எங்கள் தெருவில் தண்ணீர் விடும் நேரத்தை மூன்றிலிருந்து ஐந்தரைக்கு மாற்றக் கேட்டு வார்டு கவுன்சிலருக்கு மனு எழுதியிருக்கிறோம், குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. நேரத்தை மாற்றும்வரை, ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்று முறை வைத்து எல்லார் குடத்தையும் அவர்களே நிரப்பிவைப்பது, மற்றவர்கள் எழுவதில்லை என்று முடிவு. குறட்டை அக்காவின் மகளிடம் அம்மா தூங்குவதைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லியிருக்கிறேன். தூக்க லேப் தம்பி, அரசு ஆஸ்பத்திரியில் எந்த ஓபிக்கு அழைத்துப் போக வேண்டும்?

தூக்க லேப் கோவை எழுதியது:

காது மூக்கு தொண்டை அல்லது நுரையீரல் ஓபி, இரண்டில் எது அன்றைக்கு இருக்கிறதோ அங்கே போங்கள் அக்கா. வீடியோ எடுக்கச் சொன்னது நல்ல யோசனை, டாக்டருக்கு அது பாதி வேலையை முடித்துவிடும். முகமும் மார்பும் ஒன்றாகத் தெரியும்படி, விளக்கு மங்கலாக எரிய, சத்தத்தோடு ஐந்து நிமிடம் எடுத்தால் போதும். விடியற்காலை நாலு மணிவாக்கில் எடுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் மூச்சு அதிகம் நிற்கும். பிபி மாத்திரைச் சீட்டையும், மருந்துக் கடையில் வேறு ஏதாவது வாங்கிப் போடுகிறார் என்றால் அந்த அட்டையையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.